பல்கனிக்கு வருவது ஹம்மிங் பேர்டா?

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடி. பல்கனியில் நிற்கும் செவ்வரத்தைக்குக் காலையில் ஒரு பொடிக் குருவி வருகிறது. வெயில் பட்டால் மினுங்குகிறது. கொஸ்டா ரிக்கா மலைக்காட்டில் வாழும் இரண்டு கிராம் ஹம்மிங் பேர்டைக் காணொளியில் பார்த்த பிள்ளைகள், இதுவும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சீனித்தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் சிவப்புத் தேன்போத்தலை ஒன்லைனில் வாங்கிக் கட்டியும் பத்து நாளாக எறும்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. போத்தலில் பிழையா, சீனித்தண்ணீரில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டிலும் கொஞ்சம் பிழை இருக்கிறது. ஆனால் முதல் பிழை பெயரில். உங்களிடம் வருவது தேன்சிட்டு. ஹம்மிங் பேர்ட் இலங்கையில் மட்டுமல்ல, ஆசியாவின் எந்தக் காட்டிலும் இன்று இல்லை. ஏறத்தாழ 360 இனங்கள்; வடக்கே அலாஸ்கா தொடங்கித் தெற்கே தென்னமெரிக்காவின் கடைசி முனைவரை, அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அண்டிய தீவுகளிலும்தான். தமிழில் ஓசனிச்சிட்டு என்று எழுதுவோர் உண்டு. ஆனால் ஹம்மிங் பேர்டையும் தேன்சிட்டு என்றே மொழிபெயர்த்துவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். ஆகவே இந்தக் குழப்பம் உங்கள் வீட்டில் மட்டும் வந்ததல்ல.

பிரித்தறியப் புத்தகம் தேவையில்லை. தேன் குடிக்கும்போது குருவி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பூவின் காம்பிலோ பக்கத்துக் கிளையிலோ காலைப் பற்றிக்கொண்டு, சில நேரம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அலகை விட்டால் அது தேன்சிட்டு. ஹம்மிங் பேர்ட் அந்தரத்தில் நின்றே குடிக்கும். குடித்து முடித்ததும் திரும்பாமலே பின்பக்கமாகப் பறந்து விலகும். அதன் காலால் கிளையில் உட்கார முடியும், ஆனால் நடக்கவோ தத்தவோ முடியாது. தேன்சிட்டோ கிளை நெடுகத் தத்தித் தத்திப் போகும். ஒரு எச்சரிக்கை: தேன்சிட்டும் இரண்டொரு நொடி சிறகடித்தபடி பூவின் முன் நிற்கும், சிலந்தியைப் பிடிக்கும்போது குறிப்பாக. கைபேசியில் எடுத்த ஐந்து நொடித் துண்டை வைத்து முடிவு எடுக்கக் கூடாது. அரை மணி நேரம் பாருங்கள், எங்காவது ஓரிடத்தில் காலைப் பற்றிக் குடிக்கத்தான் செய்யும்.

மூன்றாவது ஒரு ஆளும் உண்டு. மாலை மங்கும் நேரத்தில் பூவின் முன் அசையாமல் நின்று, நீண்ட குழலை நீட்டிக் குடித்துவிட்டு மின்னலாக மறைவது பெரும்பாலும் பறவையே அல்ல. பகலிலும் அந்தியிலும் பறக்கும் ஒரு வகை அந்துப்பூச்சி. தலையில் இரண்டு உணர்கொம்பு தெரிந்தால், அலகு என்று நினைத்தது சுருண்டு மடங்கினால், சந்தேகம் தீர்ந்தது. கண்ணாடிபோன்ற சிறகுள்ள ஒரு இனத்தின் புழு, கோப்பிக் குடும்பத்துச் செடிகளின் இலையைத் தின்று வளர்வது. சாடியில் கார்டீனியா வைத்திருப்பவர்கள் வாலில் முள் நீட்டிய தடித்த பச்சைப் புழுவைக் கண்டு மருந்தடிப்பார்கள். பிறகு அதே வீட்டார், “ஹம்மிங் பேர்ட் வருவதில்லையே” என்று கவலைப்படுவார்கள்.

இனி அந்த இரண்டு கிராம் குருவி. உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அது சின்டில்லன்ட் ஹம்மிங் பேர்ட். அறிவியல் பெயர் செலஸ்போரஸ் சின்டில்லா. ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜோன் கூல்ட் 1851 இல் விவரித்துப் பெயரிட்டது. கொஸ்டா ரிக்காவிலும் அதை ஒட்டிய மேற்குப் பனாமாவிலும் மட்டும் இருக்கிறது. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 6.5 சென்ரிமீற்றர். ஆண் ஏறத்தாழ 2 கிராம், பெண் 2.3 கிராம், ஒரு மட்டத் தேக்கரண்டிச் சீனியில் பாதியை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள், அவ்வளவுதான் நிறை. முதுகு வெண்கலப் பச்சை, வயிறு கறுவாப்பட்டை நிறம், ஆணின் கழுத்தில் தணல்போல் செம்மஞ்சள்.

காட்டுப் பறவை என்றதும் அடர்காட்டின் நடுவே தேடினால் கிடைக்காது. காட்டு ஓரத்துப் பற்றை, கோப்பித் தோட்டம், வீட்டுத் தோட்டம் இவைதான் அதன் இடம். இனப்பெருக்கக் காலத்தில் 900 முதல் 2000 மீற்றர் உயரம். மற்ற மாதங்களில் 2500 மீற்றர் வரையும் ஏறும். நம் கணக்கில் பண்டாரவளைக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி நுவரெலியாவையும் தாண்டிய உயரம். இலங்கையும் கொஸ்டா ரிக்காவும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன. மலையகத்தில் 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் துடைத்தெறிந்து தேயிலைக்கு இடம் கொடுத்தது; அங்கே கோப்பி நிலைத்தது, நிழல் மரமும் பற்றையும் தோட்டத்தில் மிஞ்சின, அவற்றோடு இந்தக் குருவியும்.

இன்னும் மேலே ஏறினால் இதன் உறவினரான எரிமலை ஹம்மிங் பேர்ட் பொறுப்பேற்கும். அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை, ஏனென்றால் அதன் ஆணின் கழுத்து நிறம் மலைக்கு மலை மாறுகிறது: போவாஸ், பார்வா எரிமலைப் பக்கம் ரோஜாச் சிவப்பு, இராசு, துரியால்பா பக்கம் ஊதா சார்ந்தது, தெற்கே தலமங்கா மலைத்தொடரில் சாம்பல் ஊதா. மலையுச்சிகள் தீவுகள்போலப் பிரிந்து கிடப்பதால் ஒவ்வொரு கூட்டமும் தன்பாட்டில் மாறிக்கொண்டது.

இரண்டு கிராம் உடம்பு அந்தரத்தில் நிற்பது மலிவான வேலை அல்ல. மற்றப் பறவைகளின் சிறகு கீழே அடிக்கும்போதுதான் உடலைத் தாங்கும். ஹம்மிங் பேர்டின் சிறகு தோள்மூட்டில் முழுதாகப் புரண்டு, படுக்க வைத்த 8 வடிவில் முன்னும் பின்னும் வெட்டுகிறது. மேலே வரும் அடியும் நிறையில் கால்பங்கைத் தாங்குகிறது என்று 2005 இல் அளந்து காட்டினார்கள். பெரிய இனங்களில் நொடிக்குப் பத்துப் பதினைந்து அடி, மிகச் சிறியவற்றில் எண்பது வரை. நாக்கும் நாம் நினைப்பதுபோல உறிஞ்சு குழல் அல்ல. நுனி இரண்டாகப் பிளந்து, தேனுக்குள் விரிந்து, வெளியே வரும்போது சுருண்டு தேனைப் பிடித்துக்கொண்டு வரும். நொடிக்குப் பத்துத் தடவைக்கும் மேல் உள்ளே போய் வரும். இவ்வளவு செலவுக்குப் பகல் முழுவதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரவு வேண்டும்.

இரவில் வரவே இல்லை. மலைக்குளிரில் உடல் சூட்டை அப்படியே காத்திருந்தால் விடியுமுன் கையிருப்புத் தீர்ந்துவிடும். அதனால் பல ஹம்மிங் பேர்டுகள் இரவில் ஒருவித மரத்த நிலைக்குப் போய்விடும்: உடல் வெப்பம் இறங்கும், இதயத் துடிப்புத் தளரும். பெருவின் அந்தீசு மலையில் ஓர் இனத்தின் உடல் வெப்பம் 3.3 பாகை செல்சியசு வரை இறங்கியதை 2020 இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. தொட்டுப் பார்த்தால் செத்த குருவி. விடிகாலையில் நடுங்கி நடுங்கிச் சூடேற்றிக்கொண்டு எழுந்து பறக்கும்.

சின்டில்லன்ட் இத்தனை சிறியதாக இருப்பதன் விலையையும் சொல்ல வேண்டும். தேன் நிறைந்த நல்ல பூக்களைப் பெரிய ஹம்மிங் பேர்டுகள் காவல் காத்து விரட்டும். இதன் குட்டை அலகுக்குச் சிறு பூக்கள்தான் தோது: சால்வியா போன்றவை, அதோடு பூச்சிகளுக்கென்றே மலர்ந்த பூக்களும். தேன் மட்டும் போதாது, சிறு பூச்சிகளும் வேண்டும், புரதம் அங்கிருந்துதான். கூடு கட்டுவதும் அடைகாப்பதும் முழுக்கப் பெண்ணின் வேலை. நிலத்திலிருந்து ஒன்று முதல் நான்கு மீற்றர் உயரத்தில், புதரில், வாய் திறந்த சின்னக் கிண்ணம். இரண்டு வெள்ளை முட்டை. அடைகாப்பு 15 முதல் 19 நாள், குஞ்சு பறக்க மேலும் 20 முதல் 26 நாள்.

இங்கே இன்னொரு அடையாளம் கிடைக்கிறது. உங்கள் கொடிக்கம்பியில் தொங்கும் கூடு மேலே மூடி, பக்கத்தில் வாசல் வைத்த பைபோல இருந்தால் அது தேன்சிட்டின் கூடு. கிண்ணம்போல் திறந்திருக்கும் ஹம்மிங் பேர்ட் கூட்டைக் கொழும்பில் காண வழியே இல்லை. இரண்டும் ஒரே நூலைத்தான் பயன்படுத்துகின்றன: சிலந்தி வலை. பல்கனி மூலையில் இருக்கும் வலையை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒட்டடைக்கோலால் துடைத்துவிட்டுக் குருவிக்குக் காத்திருப்பவர்கள், அதன் சாப்பாட்டையும் கட்டுமானப் பொருளையும் சேர்த்தே குப்பையில் போடுகிறார்கள்.

தேன்சிட்டுக்கும் ஹம்மிங் பேர்டுக்கும் இரத்த உறவு கிடையாது. தேன்சிட்டு காகம், அடைக்கலங்குருவி சேர்ந்த பெரிய வரிசையைச் சேர்ந்தது. ஹம்மிங் பேர்டின் நெருங்கிய உறவு உழவாரன்கள். வெள்ளவத்தையில் தென்னைமரங்களுக்கு மேலே மாலையில் வில்போல் வளைந்த சிறகோடு சுற்றுகிறதே பனை உழவாரன், அந்தப் பழுப்புப் பறவைதான் உங்கள் வீட்டுக்கு மிகக் கிட்ட இருக்கும் ஹம்மிங் பேர்டின் சொந்தக்காரர். இன்னொரு புதினம்: பழைய உலகில் ஹம்மிங் பேர்ட் ஒருபோதும் இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. ஜேர்மனியில் கிடைத்த, ஏறத்தாழ 3 கோடி ஆண்டு பழைமையான எலும்புகளை 2004 இல் கெரால்ட் மயர் என்ற ஆய்வாளர் விவரித்தார். நீண்ட அலகு, அந்தரத்தில் நிற்கத்தக்க தோள். பிறகு அந்தக் கிளை இங்கே அற்றுப்போயிற்று.

கொழும்பில் உங்களிடம் வரக்கூடியவை மூன்று. முதலாவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு: பத்து சென்ரிமீற்றர், ஆணுக்கு உச்சந்தலை பச்சை மினுக்கம், மார்பில் கருஞ்சிவப்புப் பட்டி, வயிறு மஞ்சள், பெண்ணுக்குத் தொண்டை வெளிறியது, மார்பு மஞ்சள். தொடர்மாடிப் பல்கனிக்கு வருவது பத்தில் எட்டு முறை இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது லோட்டன் தேன்சிட்டு: அலகு அரிவாள்போல் நீண்டு வளைந்திருக்கும், அதைக் கண்டுவிட்டால் வேறெதையும் பார்க்கத் தேவையில்லை. 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோன் கிடியோன் லோட்டனின் பெயர் அது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர்முறை வகுத்த லின்னேயசு 1766 இல் பெயரிட்டபோது இந்த இரண்டு தேன்சிட்டும் ஒரே நூலில் ஏறின, ஒன்று லோட்டன் பெயரிலும் மற்றது இலங்கையின் பெயரிலும். ஆணின் உடல் நிழலில் வெறும் கறுப்பாகத் தெரியும். மினுக்கம் சாயத்தால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. கோணம் மாறினால் நிறம் போய்விடும், ஹம்மிங் பேர்டின் கழுத்திலும் இதே கதைதான். மூன்றாவது ஆள் தேன்சிட்டே அல்ல: பூக்கொத்தி. எட்டு சென்ரிமீற்றர், சாம்பல் பச்சை, குட்டை அலகு, எந்த மினுக்கமும் இல்லை. இலங்கையின் மிகச் சிறிய பறவை இது. மாமரத்தில் குருவிச்சை பிடித்திருந்தால், ஜாம் பழ மரம் இருந்தால், இது தவறாமல் வரும்; குருவிச்சையின் பசைபிடித்த விதையைக் கிளையில் தேய்த்து ஒட்டவைப்பதும் இதுவே. யாழ்ப்பாணத்து வீட்டில் பார்த்த ஊதாத் தேன்சிட்டை இங்கே தேடாதீர்கள். அது உலர் வலயத்தை விரும்புவது.

சிங்களத்தில் தேன்சிட்டுக்குச் சூட்டிக்கா என்று பெயர். நாற்றுக்கடைக்காரரிடம் “சூட்டிக்கா வரும் செடி” என்று கேட்டால் சட்டென்று விளங்கிக்கொள்வார்.

செடி விடயம்தான் இதில் முக்கியமானது. கொழும்புத் தோட்டங்களில் தேன்சிட்டு மொய்க்கும் செடிகளில் பாதி ஹம்மிங் பேர்டுக்கென்று அமெரிக்காவில் உருவானவை. ஹெலிகோனியா, பட்டாசுபோல் சிவப்புக் குழல்கள் தொங்கும் ரசீலியா, செம்மஞ்சள் குழல்பூக் கொத்துள்ள ஹமீலியா, சிவப்புச் சால்வியா, விரியாமல் சுருண்டபடியே தொங்கும் செவ்வரத்தை. பறவை வரவில்லை, அதன் சாப்பாட்டுமேசை வந்துவிட்டது. ஆனால் அந்த மேசைக்குக் கதிரை இல்லை. ஹம்மிங் பேர்ட் அந்தரத்தில் நின்று குடிக்கும் என்பதால் இந்தப் பூக்கள் காற்றுவெளியில் நீட்டிக்கொண்டு தொங்குகின்றன. பற்றிக்கொள்ளக் காம்பு கிடையாது. நம் பக்கத்துச் செடிகளில் பறவைக்கு உட்கார இடம் இருக்கும்: முள்முருக்கின் தடித்த கிளை, வாழைப்பொத்தியின் தண்டு. தென்னாபிரிக்காவில் பபியானா என்ற ஒரு செடி, தேன்சிட்டு உட்காருவதற்கென்றே பூ இல்லாத மொட்டைத் தண்டு ஒன்றை வளர்த்து வைத்திருக்கிறது. அந்தத் தண்டை வெட்டிவிட்டால் விதை குறைந்துபோகும் என்று 2005 இல் காட்டினார்கள். அதே நாட்டில், தென்னமெரிக்காவிலிருந்து போய்ப் பரவிய மரப்புகையிலையின் பூவில் உட்கார இடமில்லாததால் தேன்சிட்டுகள் அந்தரத்தில் நின்றே குடிக்கப் பழகிக்கொண்டன. முடியாது என்றில்லை, சிரமம், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் பல்கனிக்கு முதலில் வேண்டியது ஒரு குச்சி. விரல் தடிப்புக்கும் மெல்லிய, நான்கைந்து மில்லிமீற்றர் காய்ந்த கிளையைப் பூக்கொத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், பூவுக்குச் சற்றுக் கீழே வரும்படி சாடியில் குத்திவிடுங்கள். ஒப்பமாகச் சீவிய மூங்கிலைவிடப் பட்டையோடு கூடிய கொய்யாக் கிளை நல்லது, கால் வழுக்காது. பல்கனிக் கம்பி தடிப்பானது, வெயிலில் சுடுவது. அதில் அவ்வளவாக உட்காராது.

சாடிக்கு வாய் அகலம் 12 அங்குலம் குறைந்தபட்சம், ஹமீலியாவுக்கு 14. தோட்டமண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு. அடியில் ஓட்டை அடைபடாமல் ஓட்டுத்துண்டு. காலி வீதிக்குக் கடற்பக்கம் இருக்கும் வீடானால் உப்புக்காற்று இலை ஓரத்தைக் கருக்கும், தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மோசமாகும். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவுங்கள். ரசீலியா இதை ஓரளவு தாங்கும், கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே தொங்கவிடவும் அழகு. வெட்சியில் நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாகினால் அது பெரும்பாலும் தண்ணீர்க் குறை அல்ல: புதுச் சீமெந்திலிருந்து வடியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி, வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் செய்கிறது. சாடியைச் சுவரிலிருந்து தள்ளி, செங்கல்லின் மேல் வைத்து, மேல்மண்ணை மாற்றுங்கள்.

செவ்வரத்தையில் ஒற்றை இதழ்ச் சிவப்பே சிறந்தது. அடுக்குச் செவ்வரத்தை கண்ணுக்கு நிறைவாக இருக்கும். குருவிக்குத் தேன் இருக்கும் அடிப்பாகத்தை இதழ்கள் மூடிவிடும். ஒற்றை இதழிலும் தேன்சிட்டு முன்வாசலால் போகாது, புல்லிவட்டத்துக்குப் பக்கத்தில் அலகால் குத்தி ஓட்டை போட்டு உறிஞ்சும். பூவின் அடியில் ஊசிக்குத்துப்போல் தெரிந்தால் நோய் என்று பதற வேண்டாம். ஒரு பூ ஒரு நாள்தான். ஆகவே ஒரே செடியை நம்பாமல் இரண்டு மூன்று வையுங்கள், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கத்தரிக்காதீர்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை தளதளக்கும், மொட்டு வராது.

மாப்பூச்சி பிடிக்கும், கொழும்பில் செவ்வரத்தை வைத்தால் அது நிச்சயம். அங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. வேரால் ஏறிச் செடி முழுவதும் பரவும் மருந்துகள், இமிடாக்ளோபிரிட் போன்றவை, தேனிலும் இறங்கும். அதை ஊற்றிவிட்டுக் குருவியைக் கூப்பிடக் கூடாது. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவ சவர்க்காரம் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளித்து, மறுநாள் காலையில் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. எறும்பு சாடியில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மாப்பூச்சியைக் காவல் காப்பது எறும்புதான்.

இனிப் போத்தல். அதைக் கழற்றிவிடுவதே நல்லது. உங்கள் மேற்குப்பார்த்த பல்கனியில் மதியத்துக்குப் பின் வெயில் அடிக்கிறது; தலைகீழ்ப் போத்தலுக்குள் இருக்கும் காற்றுச் சூடேறி விரிந்து சீனித்தண்ணீரை வெளியே தள்ளும். சொட்டுகிறது என்றீர்களே, காரணம் ஓட்டை அல்ல. சொட்டிய இடத்துக்கு எறும்பு, எறும்புக்குப் பின்னால் குளவி, அணில், கடைசியில் காகம். அந்தரத்தில் நிற்கும் பறவைக்குச் செய்த வகையானால் உட்காரவும் வளையம் இராது.

பிள்ளைகள் விடமாட்டார்கள் என்றால் முறையாகச் செய்யுங்கள். வெள்ளைச் சீனி ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, அளவுக்கோப்பையால். 200 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 50 மில்லிலீற்றர் சீனி, நிறையில் 40 கிராமுக்குச் சற்று மேல். கொதித்த தண்ணீரில் கரைத்து ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நாளுக்கு 50 மில்லிலீற்றர் மட்டும் வெளியே வையுங்கள். சிவப்புச் சீனி, சர்க்கரை, கித்துள் பாணி எதுவும் வேண்டாம்; அவற்றில் இருக்கும் இரும்பும் பிற பொருள்களும் இந்த உடம்புக்கு ஒத்துவராதவை. தேனும் கூடாது, நீர்த்த தேன் விரைவில் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். சிவப்புச் சாயம் தேவையே இல்லை. மெலிவதற்கு விற்கும் இனிப்பு மாத்திரையில் குருவிக்கு ஒரு துளி சக்தியும் கிடையாது. முப்பது பாகை வெப்பத்தில் காலையில் வைத்தது மாலையில் கலங்கத் தொடங்கும். இரவு தாண்ட விடாமல் ஊற்றிவிட்டுச் சுடுதண்ணீரும் தூரிகையும் போட்டுக் கழுவுங்கள். ஒரு நாள் கழுவ நேரமில்லையென்றால் அன்று வைக்காமல் விடுவதே மேல், பூ இருக்கும்வரை குருவி பட்டினி கிடக்காது. எறும்பைத் தடுக்கக் கம்பியில் எண்ணெயோ கிறீசோ பூசாதீர்கள். இறகில் ஒட்டினால் குருவி பறக்க முடியாமற் போகும். நடுவில் தண்ணீர் தேங்கும் சிறு கிண்ணம் போதும், அதையும் நாளாந்தம் மாற்ற வேண்டும். ஏன் என்று கொழும்பில் சொல்லத் தேவையில்லை: டெங்கு.

அதே காரணத்தால் குளிப்பதற்கென்று தட்டில் தண்ணீர் வைப்பதையும் தவிர்க்கலாம். தேன்சிட்டு பெரிய இலையில் தங்கிய நீர்த்துளியில் புரண்டு குளிப்பது. ஒரு சாடியில் சேம்போ சிறு வாழையோ வைத்து, காலை எட்டு மணிக்கு முன் இலையில் தண்ணீரைத் தெளித்துவிடுங்கள். நுளம்புக்கு இடமில்லை, குருவிக்குக் கிணற்றடி.

கூடு கட்டினால்: பெரும்பாலும் தொங்கும் கம்பி, தொங்குசாடி, உடுப்புக் கொடி. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு இரண்டு முட்டை இடும். அடைகாப்பு 14 முதல் 16 நாள், குஞ்சு கூட்டில் இன்னும் 17 நாளளவு. கட்டும் நாட்களையும் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் கொடியை மறந்துவிட வேண்டும். இடத்தை மாற்றாதீர்கள், அரை அடி நகர்த்தினாலும் தாய் பழைய இடத்துக்கே வந்து தடுமாறும். அடிக்கடி கிட்டப் போய்ப் படமெடுத்தால் காகம் கவனிக்கும். பல்கனிக் கூடுகள் அழிவது பெரும்பாலும் இப்படித்தான். பறவைகளையும் கூடுகளையும் முட்டைகளையும் காக்கும் கட்டளைச் சட்டம் 1937 முதல் இருக்கிறது, தொடர்மாடி நிருவாகம் சுவருக்குப் பூச்சுப் பூச வந்தால் அதைச் சொல்லிக் குஞ்சு பறக்கும்வரை தள்ளிப்போடக் கேளுங்கள்.

காற்றில் கூடு அறுந்து விழுந்து குஞ்சு உயிரோடு இருந்தால், ஒரு சிரட்டையின் அடியில் இரண்டு மூன்று ஓட்டை போட்டு, கூட்டை அதற்குள் வைத்து, விழுந்த இடத்துக்கு நேர் மேலே அதே உயரத்தில் கட்டிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது கட்டுக்கதை. பாலும் சோறும் ஊட்டாதீர்கள். யன்னலுக்கு உள்ளே போய் ஒரு மணி நேரம் மறைந்திருந்து பாருங்கள். தாய் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

கடைசியாக, யன்னல் கண்ணாடியை அது கொத்துகிறது, உள்ளே வரப் பார்க்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை. கண்ணாடியில் தெரியும் தன்னையே எதிரி ஆணென்று நினைத்து அடிக்கிறது. உள்ளே திரைபோட்டால் விம்பம் இன்னும் தெளிவாகும், சண்டையும் கூடும். வெளிப்பக்கமாகப் பழைய சாரமோ கடதாசியோ ஒட்டுங்கள். கீழே நிற்கும் காரின் பக்கக் கண்ணாடிக்கும் ஒரு உறை. சில வாரத்தில் அதன் வேகம் தணிந்ததும் எடுத்துவிடலாம்.